நள்ளிரவில் விடுமுறை விட்ட நாடு

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் லாத்வியாவின் நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. சிலர் கோட்டுக்குப் பதிலாகக் கருஞ்சிவப்பு ஹாக்கி ஜெர்சியில் வந்திருந்தார்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுவதும் விடுமுறை என்று சட்டம் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். சாயங்காலம் பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் லாத்வியாவின் ஐஸ் ஹாக்கி அணி அமெரிக்காவை 4-3 என்று ஜெயித்து உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்திருந்தது. அதற்குத்தான் இந்த விடுமுறை.

மூன்றாம் இடத்துக்கா என்று ஊரிலிருந்து போனில் பேசிய எல்லோரும் கேட்டார்கள். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நான் லாத்வியாவின் தலைநகரான ரிகாவுக்கு முதுகலை படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டவன். பூர்வ்சியெம்ஸ் பகுதியில், சோவியத் காலத்தில் கட்டிய ஒன்பது மாடி அடுக்குக் கட்டடத்தில், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்கு. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, வீட்டுக்கார அம்மா என்றே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த லாத்விய மொழி அரைகுறை, அவருக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. ஆனாலும் அந்த மே மாதம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம், ஏனென்றால் பேச்சு முழுக்க ஹாக்கி, அதில் பாதி வார்த்தைகள் ஆட்களின் பெயர்கள்.

அவருக்குக் கண்ணில் புரை. டிவிக்கு ரொம்பப் பக்கத்தில், முழங்கால் மேசையில் இடிக்கும்படி நாற்காலியைப் போட்டு உட்காருவார். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக 'பக்' என்று ஒரு கருப்பு ரப்பர் வில்லை. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலே பறக்கும். நல்ல கண் இருக்கிறவனுக்கே பழகும்வரை தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "பக் எனக்குத் தெரியாது. ஆட்கள் எந்தப் பக்கம் முதுகைத் திருப்புகிறார்கள் என்று தெரியும். அது போதும்" என்றார். பிறகு கவனித்துப் பார்த்தேன், உண்மைதான். பக் எங்கே இருக்கிறது என்பதை முதுகுகள் சொல்லிவிடுகின்றன.

அவர் அந்த முதுகுகளைப் படிக்கக் கற்றது ரிகா விளையாட்டு அரண்மனையில். 1970ல் திறந்த அரங்கம், 2008ல் இடித்துவிட்டார்கள். தினமோ ரிகா அணிக்கு அதுதான் சொந்த அரங்கம். முதலில் அப்பாவோடு போனவர், அப்புறம் தோழிகளோடு, அப்புறம் கணவரோடு. அங்கே கத்தலாம் என்று சொன்னார். மாஸ்கோவிலிருந்து ராணுவ அணியான சிஎஸ்கேஏ வரும்போது தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அது வெறும் ஹாக்கிதானே என்றுதான் கணக்கு. தெருவில் மெதுவாகச் சொல்லவே யோசிக்கவேண்டிய விஷயத்தைப் ஆயிரக்கணக்கான பேர் நெருக்கும் கூட்டத்தில் முழுக் குரலில் சொல்ல முடிந்த இடம் அது ஒன்றுதான்.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும், இது இல்லாமல் மற்றது புரியாது.

லாத்வியா 1931லேயே சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பில் சேர்ந்த நாடு. 1933ல் முதல் உலகக் கோப்பை ஆடியது, 1936 குளிர்கால ஒலிம்பிக்கிலும் ஆடியது. 1940ல் சோவியத் படைகள் வந்தன. நாடே வரைபடத்திலிருந்து போனது, அணியும் போனது. அதற்கடுத்த ஐம்பது வருடம் லாத்வியாவில் ஒரு பையன் நன்றாக ஹாக்கி ஆடினால் அவன் தினமோ ரிகாவுக்கு ஆடலாம், இன்னும் நன்றாக ஆடினால் நெஞ்சில் சோவியத் எழுத்துகள் போட்ட சிவப்பு ஜெர்சியில் ஆடலாம், அவ்வளவுதான் வழி.

ஹெல்முட்ஸ் பால்தெரிஸ் கதையை எங்கள் வீட்டில் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. அவ்வளவு வேகம், அதனால் மின்சார ரயில் என்றே பட்டப்பெயர். அப்போது தினமோ ரிகாவின் பயிற்சியாளர் விக்தர் திகோனவ், பின்னாளில் சோவியத் அணியை உலகமே பயப்படும்படி ஆக்கியவர். மூன்று வரிசைக்குப் பதில் நான்கு வரிசை ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்கி எதிரணியைக் களைக்கவைக்கிற முறையை அவர் பழகிப் பார்த்தது ரிகாவில்தான். 1977ல் மாஸ்கோ அவரை சிஎஸ்கேஏவுக்கு அழைத்துக்கொண்டது. போகும்போது பால்தெரிஸையும் கூட்டிக்கொண்டு போனார். ரிகா ரசிகர்களுக்கு அது பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பின மாதிரி இல்லை, பிடுங்கிக்கொண்டு போன மாதிரிதான். 1980 குளிர்கால ஒலிம்பிக்கில், லேக் பிளாசிடில், அமெரிக்கக் கல்லூரிப் பையன்களிடம் தோற்ற அந்தப் புகழ்பெற்ற சோவியத் அணியில் பால்தெரிஸும் இருந்தார். அந்த வருடமே ரிகாவுக்குத் திரும்பி வந்துவிட்டார். அவர் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் பற்றி வீட்டுக்கார அம்மா சொல்லும்போது தேதி, எதிரணி எதுவும் சொல்வதில்லை. அரங்கத்துக்குள் நுழையும்போது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம் என்று மட்டும் சொல்வார்.

1991ல் மறுபடி சுதந்திரம். அந்த ஜனவரியில் ரிகா மக்கள் டிராக்டர், மரம் ஏற்றும் லாரி, கான்கிரீட் கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து தெருவை அடைத்து நாடாளுமன்றத்தைக் காத்து நின்றார்கள். அந்தக் குளிரில் நின்றவர்களில் ஆர்தூர்ஸ் இர்பேவும் ஒருவர். சோவியத் அணியோடு உலகச் சாம்பியன் ஆன கோல்கீப்பர், இனிமேல் அந்த ஜெர்சி வேண்டாம் என்று மறுத்துவிட்டவர்.

சுதந்திரம் வந்தது, ஆனால் ஹாக்கியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டி இருந்தது. சோவியத் அணியின் இடம் அப்படியே ரஷ்யாவுக்குப் போனது. அந்த அணிக்கு ஆட்களைக் கொடுத்த லாத்வியாவை 1993ல் கடைசிப் படியான சி பிரிவில் போட்டார்கள். இதை எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. அங்கிருந்து ஏறி, 1996ல் பி பிரிவை ஜெயித்து, 1997ல் முதல் பிரிவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. பத்தொன்பது லட்சம் பேர் இருக்கிற நாடு, சென்னையில் பாதிகூட இல்லை. கனடா, சுவீடன், பின்லாந்து, செக், அமெரிக்கா என்று எல்லோரோடும் ஒவ்வொரு மே மாதமும் ஒரே மேசையில் உட்காருகிறது.

2000ல் உலகக் கோப்பை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. பாவெல் பூரே மாதிரி பெரிய பெரிய ஆட்களை இறக்கிய ரஷ்யாவை அவர்கள் ஊரிலேயே லாத்வியா 3-2 என்று ஜெயித்தது. இதைப் பற்றி நான் அதிகம் எழுதத் தேவையில்லை. முந்தைய பத்தியைப் படித்தவர்களுக்கு அந்த இரவு ரிகா எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

அப்புறம் 2014, சோச்சி ஒலிம்பிக். காலிறுதியில் கனடா. அதன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கின் கோடீஸ்வர நட்சத்திரங்கள். லாத்வியாவின் கோலில் நின்றது கிறிஸ்தெர்ஸ் குத்லெவ்ஸ்கிஸ் என்ற 21 வயதுப் பையன். கோலை நோக்கி 57 அடிகள் வந்தன, 55ஐத் தடுத்தான். கடைசி ஏழு நிமிடம் வரைக்கும் 1-1. 2-1 என்று தோற்றார்கள். தோற்ற அந்த ஆட்டத்தைப் பற்றி இன்றைக்கும் இங்கே டாக்சி ஓட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தால் கண் விரிகிறது. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

இந்த அணியைப் பற்றிப் பேசினால் இறந்தவர்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டியிருக்கிறது. செர்கெய்ஸ் ஜோல்டோக்ஸ், 31 வயது, 2004 நவம்பரில் மின்ஸ்க் நகரத்தில் ஆட்டத்தின் நடுவில் உடை மாற்றும் அறைக்குப் போனவர், இதயம் நின்றுவிட்டது. கார்லிஸ் ஸ்க்ராஸ்தின்ஷ், என்எச்எல்லில் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 495 ஆட்டம் ஆடிய தடுப்பு ஆட்டக்காரர், 2011 செப்டம்பரில் ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் அணி ஏறிய விமானம் விழுந்ததில் போனார். சின்ன நாட்டில் ஓர் ஆட்டக்காரர் இறந்தால் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவராகத்தான் இருக்கிறார். அவருடைய பள்ளிக்கூட வாத்தியார் யாருக்கோ மாமா, அவருடைய அம்மா யாரோடோ வேலை பார்த்தவர்.

மதீஸ் கிவ்லெனியெக்ஸ் இறந்தது 2021 ஜூலை 4. நான் இங்கே வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். அந்த மே மாதம் கொரோனாவால் வெறிச்சோடிக் கிடந்த ரிகா அரங்கத்தில் உலகக் கோப்பை நடந்தது. கனடாவுக்கு எதிராகக் கோலில் நின்ற கிவ்லெனியெக்ஸ் 38 அடிகளையும் தடுத்து ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. 2-0. லாத்வியா கனடாவை ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஆறு வாரம் கழித்து அமெரிக்காவில் மிச்சிகனில் ஒரு வீட்டு விழாவில் வெடித்த வாணம் திசை மாறிக் கூட்டத்துக்குள் வந்தது. அவருடைய நெஞ்சில் பட்டது. 24 வயது. பக்கத்தில் இருந்தவர் நாட்டு அணியின் இன்னொரு கோல்கீப்பர் எல்விஸ் மெர்ஸ்லிகின்ஸ், அவருடைய மனைவி அப்போது கர்ப்பிணி. தங்களைக் காப்பாற்றியது மதீஸ்தான் என்று மெர்ஸ்லிகின்ஸ் சொன்னார். பிறந்த மகனுக்கு மதீஸ் என்ற பெயரையும் சேர்த்து வைத்தார். நாட்டு அணியில் 80ஆம் எண் ஜெர்சி இனி யாருக்கும் இல்லை.

நான் ரிகாவுக்கு வந்த முதல் வாரத்தில் வீட்டின் குளிர்பதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டியிருந்த ஒரு பத்திரிகைத் துணுக்கைப் பார்த்தேன். ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுச் சிரிக்கிற ஒரு பையன். பேரன் என்று நினைத்து, பேரனா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார், வேறு எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் அது யார் என்று தெரிந்தது.

சரி, 2023க்கு வருகிறேன். அந்த வருட உலகக் கோப்பை முதலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கே கொடுக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது, ரஷ்யாவைத் தடை செய்தார்கள், போட்டி தாம்பெரேவுக்கும் ரிகாவுக்கும் வந்தது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே தினமோ ரிகா, ரஷ்யாவை மையமாகக் கொண்ட கேஎச்எல் லீக்கிலிருந்து விலகியது. ரஷ்யாவில் போய் ஆடுகிறவர்களுக்கு நாட்டு அணியில் இடமில்லை என்றும் முடிவானது. இது சின்ன விஷயம் இல்லை. வருடக்கணக்கில் அணியின் முதுகெலும்பே அந்த லீக்கில் சம்பாதிக்கிறவர்கள்தான். இருந்த கையை வெட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற மாதிரி என்று என் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், ஆனாலும் வெட்டத்தான் வேண்டும் என்றும் அவரே சொன்னார்.

முதல் ஆட்டம் கனடாவிடம் 6-0. இரண்டாவது ஸ்லோவாக்கியாவிடமும் தோல்வி. வீட்டுக்கார அம்மா டிவியை அணைத்துவிட்டுப் பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டார். மூன்றாவது ஆட்டத்தில் செக் நாட்டை கூடுதல் நேரத்தில் 4-3 என்று ஜெயித்தார்கள், ஊசிகள் கூடைக்குள் போயின. கோலில் ஆர்தூர்ஸ் ஷிலோவ்ஸ், வயது 22. போட்டிக்கு முன்னால் ஹாக்கி உலகத்தில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. கடைசி லீக் ஆட்டத்தில் அதுவரை தோற்காத சுவிட்சர்லாந்தையும் கூடுதல் நேரத்தில் 4-3. காலிறுதியில் சுவீடன், 2018ல் இதே கட்டத்தில் 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிய அணி. இந்தத் தடவை ரிகாவில், நிரம்பி வழிந்த அரங்கத்தில், 3-1 லாத்வியா. அதற்கு முன்னால் இந்த நாட்டின் மிகச் சிறந்த இடம் ஏழாவது. அரையிறுதி என்ற வார்த்தையை இங்கே யாரும் இதற்கு முன் பயன்படுத்தவேண்டி வந்ததில்லை.

அன்று இரவு நான் வெளியே போனேன். டிராலி பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் "சரௌய், லாத்வியா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அடித்து நொறுக்கு, லாத்வியா என்கிற மாதிரி அர்த்தம். ஒருவர் ரஷ்ய மொழியில் போனில் பேசிக்கொண்டே இருந்தவர், போனை இறக்கி அதே கோஷத்தை லாத்விய மொழியில் போட்டுவிட்டு மறுபடி ரஷ்ய மொழியில் பேச்சைத் தொடர்ந்தார். ரிகாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பேசாமல் விட்ட விஷயங்கள் எத்தனையோ உண்டு, போருக்குப் பிறகு இன்னும் கூடிவிட்டன. நான் இந்த ஊரில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கத்திப் பார்த்தது இந்த அணிக்காக மட்டும்தான்.

அரையிறுதியில் கனடா 4-2 என்று ஜெயித்தது. இவர்கள் முன்னிலையில் இருந்துவிட்டுத் தோற்றார்கள், வலித்தது. மறுநாள் மதியம் மூன்றே காலுக்கு மேல் வெண்கலத்துக்கான ஆட்டம்.

வீட்டில் கருப்பு ரொட்டியை விரல் நீளத்துக்கு வெட்டி, எண்ணெயில் வறுத்து, சூடாக இருக்கும்போதே பூண்டைத் தேய்த்து வைத்திருந்தார். முதல் ஒரு மணி நேரம் அதை நான் மட்டும்தான் சாப்பிட்டேன். இவர்கள் முன்னால் போனார்கள். அமெரிக்கா எட்டிப் பிடித்தது. பிறகு 3-2 அமெரிக்கா. எங்கள் டிவி இணையம் வழியாக வருவது, அதனால் நேரலைக்குச் சில வினாடி பின்னால்தான் ஓடும். பக்கத்து வீட்டில் பழைய ஆன்டெனா. ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதி முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கும்போது, எங்கள் டிவியில் பக் இன்னும் நடுக்கோட்டுக்கு அருகே இருக்கையில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகுதான் க்ரிஸ்தியான்ஸ் ரூபின்ஸ் அடித்தது எங்களுக்குத் தெரிந்தது. 3-3.

கூடுதல் நேரத்தில் ஐந்துக்கு ஐந்து கிடையாது, மூன்றுக்கு மூன்று. அவ்வளவு பெரிய பனித்தளத்தில் ஆறு பேரும் இரண்டு கோல்கீப்பர்களும் மட்டும், எங்கே பார்த்தாலும் காலி இடம், ஒரே ஒரு தவறு போதும். அவர் டிவியின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். சுவரைக் காட்டினார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் பக்கத்து வீடு. பிறகு மேல்மாடி. பிறகு படிக்கட்டு, எதிர்க்கட்டடம், கீழே கார் நிறுத்துமிடம் என்று ஒன்பது மாடி கான்கிரீட்டும் ஒரே தொண்டையாகக் கத்தியது. எங்கள் டிவியில் மட்டும் ரூபின்ஸ் இன்னும் சறுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி. அவர் அடிக்கும்போது வீட்டுக்கார அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. எழுந்து சமையலறைக்குப் போய், குளிர்பதனப் பெட்டி முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போகவில்லை, கூடத்திலேயே இருந்தேன்.

ஊரில் கேட்டார்களே, மூன்றாம் இடத்துக்கா என்று. வெண்கலத்துக்கு இல்லை. நெஞ்சில் தன் நாட்டுப் பெயரைப் போட்டுக்கொள்ள ஐம்பது வருடம் விடாத ஒரு விளையாட்டில், கடைசிப் படியில் நிறுத்திவைத்த ஒரு விளையாட்டில், இருக்கிற பணத்தையும் லீக்கையும் விட்டுவிட்டு வந்து, புதைத்தவர்களை நினைவில் வைத்துக்கொண்டே ஜெயித்தார்களே, அதற்கு.

திங்கட்கிழமை விடுமுறையால் நிறையக் குழப்பம். முதலாளிகள் முணுமுணுத்தார்கள், ராத்திரியோடு ராத்திரி விடுமுறை விட்டால் காலை ஷிப்ட்டை என்ன செய்வது என்று. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒரு நஷ்டம். இரண்டு மாதம் காத்திருந்து கண் டாக்டரிடம் வாங்கிய நேரம் அந்தத் திங்கட்கிழமைதான். காலையில் போன் வந்தது, வேறு தேதி தருகிறோம் என்று. எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் போனை வைத்துவிட்டு, "அப்படியானால் நாம் மில்டாவைப் பார்க்கப் போகலாம்" என்றார். மில்டா என்பது சுதந்திர நினைவுச்சின்னத்தின் உச்சியில் மூன்று நட்சத்திரங்களை ஏந்தி நிற்கிற பெண்ணுக்கு இந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர். 1935லிருந்து அங்கேயே நிற்கிறாள், சோவியத் காலத்திலும் இடிக்காமல் தப்பியவள். அணி அங்கேதான் வரப்போகிறது.

ஆயிரக்கணக்கில் கூட்டம். நாங்கள் ரொம்பப் பின்னால், பூங்கா மரத்தடியில் நின்றோம். அந்தத் தூரத்தில் நல்ல கண்ணுக்கே மேடையில் இருப்பவர்கள் விரல் அளவுதான். அவருக்கு வெறும் கருஞ்சிவப்புத் திட்டு மட்டும் தெரிந்திருக்கும். அவருக்காக ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ரூபின்ஸ் என்றதும் கைதட்டினார். பயிற்சியாளர் ஹாரிஸ் வீதோலின்ஷ் என்றதும் தட்டினார்.

"கோல்கீப்பர் வந்துவிட்டானா?"

"வந்துட்டார்மா. ஷிலோவ்ஸ். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர்னு அவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"அது தெரியும். பார்க்க எப்படி இருக்கிறான்?"

நுனிக்காலில் எக்கிப் பார்த்தேன். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார் என்று சொன்னேன்.

"சின்னப் பையன்தானே" என்றார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்ட ஆரம்பித்தார்.